கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோன கயிறு

கட்டுநாயக்கா விமான நிலையத்தின் வெளிவாசலில், கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் இடது கையில் ஒரு கயிறு இருந்தது. பச்சை நிற நைலோன் கயிறு. வட்டமாகச் சுருட்டி, அவிழ்ந்துவிடாமல் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

அதை வேனிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். சாரதி தம்பியும் அதைத்தான் சொன்னார். ஆனால் அங்கே வாகனத்தை அதிக நேரம் நிறுத்த விடமாட்டார்கள், சாமான் வந்ததும் மளமளவென்று மேலே ஏற்றிக் கட்டிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பதற்றம்.

வேனின் கூரையில் இரும்புச் சட்டம் பூட்டியிருந்தது. அப்படிப்பட்ட வேன்தான் வேண்டும் என்று கேட்டுப் பிடித்தவனே நான்தான்.

என் மகள் தர்ஷினி வியட்நாமுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போய் இரண்டு வருடம் முடிந்து, அன்றைக்குத்தான் வருகிறாள். என்னோடு மனைவி லெட்சுமியும், பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்காவும் வந்திருந்தார்கள்.

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. குவைத்திலிருந்தும் கட்டாரிலிருந்தும் வந்தவர்கள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெட்டிகளுக்குப் பின்னால் ஆளின் தலை தெரியவில்லை. பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் பெயரும் ஊரும் எழுதியிருந்தன. எங்கள் மாத்தளை என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், பஸ்ஸின் பலகையில் தினமும் பார்ப்பதுதான். ஒவ்வொரு பெட்டியிலும் அந்த எழுத்தைத் தேடினேன்.

தர்ஷினி தள்ளுவண்டி இல்லாமல் வந்தாள். முதுகில் ஒரு பை. கையில் பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்.

நான் அவளுக்குப் பின்னால் பார்த்தேன். பெட்டியை யாராவது தள்ளிக்கொண்டு வருகிறார்களா என்று. இரண்டு வருடம் காணாத பிள்ளை முன்னால் நிற்க, என் கண் அவள் முதுகுக்குப் பின்னால் போனது. போன கண்ணை அவளும் பார்த்துவிட்டாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"என்னப்பா, மாடு புடிக்க வந்தீங்களா?" என்றாள்.

புஷ்பம் அக்காதான் முதலில் சிரித்தார். லெட்சுமி சிரித்துக்கொண்டே அழுதாள். நான் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். எல்லோரும் பார்த்துவிட்ட பிறகு மறைத்தேன்.

கயிற்றின் கதை

அந்தக் கயிறு புஷ்பம் அக்காவுடையது.

மாத்தளைக்குக் கிட்ட, உக்குவளையில் நாங்கள் இருக்கும் பக்கத்திலிருந்து வெளிநாடு போன முதல் பெண்களில் அவர் ஒருவர். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. ஒவ்வொரு முறை அவர் வரும்போதும் வேன் நிறையச் சனம் போகும். திரும்பி வரும்போது கூரையில் பெட்டிகள் இருக்கும். அவற்றைச் சுற்றி இந்தக் கயிறு இருக்கும். மேட்டில் வேன் ஏறி வருவதைக் கண்டாலே பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள்.

பிறகு அந்தக் கயிறு ஊர்க் கயிறாகிவிட்டது. யார் வீட்டுப் பிள்ளை வருவதென்றாலும் முதல் நாள் புஷ்பம் அக்கா வீட்டுக்குப் போய் அதை வாங்கி வருவார்கள். அது போன வேன் எதுவும் வெறுமனே திரும்பியதில்லை என்று ஒரு நம்பிக்கை. திருப்பிக் கொடுக்கும்போது கூடவே ஒரு சவர்க்காரக் கட்டியோ, ஒரு பால்மாப் பெட்டியோ, கொஞ்சம் டொபியோ கொடுப்பது வழக்கம். கயிற்றை வெறுங்கையோடு கொடுக்கக் கூடாது.

நானும் முதல் நாள் பின்னேரம் போய்க் கேட்டேன். கேட்கும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும்.

"தர்ஷி பெட்டியெல்லாம் கட்டி வருவாளா தம்பி? அவ டீச்சரு ஆச்சே," என்றார் அக்கா.

"டீச்சருன்னா கூடத்தானக்கா வரும்," என்றேன்.

கறுவாப்பட்டைக்குப் பின்னால்

அப்படி நான் நம்பியதற்குக் காரணம் இருக்கிறது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. இருபது வயதுக்கு முன்பே மாத்தளை ரோட்டில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் கூலி வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான். வெள்ளைக்காரர்கள் வந்து ஏலம், கராம்பு, சாதிக்காய், மிளகுக் கொடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எண்ணெய்ப் போத்தல் வாங்கிப் போகும் இடம். முன்பக்கம் வழிகாட்டிகள். பின்பக்கம் நாங்கள், காய வைத்து, புடைத்து, பையில் போட்டு ஒட்டுகிறவர்கள்.

முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு தென்னோலைத் தட்டி மட்டும்தான். ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் ஆங்கிலம் பேசினால் கையில் காசு வைப்பார்கள். ஃபாரூக் நானா என்று ஒரு வழிகாட்டி. கறுவாப்பட்டையை நகத்தால் கீறி ஒரு வெள்ளைக்காரியின் மூக்கருகே பிடித்து நாலு வசனம் சொல்வார். அவள் சிரிப்பாள். வாசலில் போகும்போது நான் ஒரு கிழமையில் காணாததை அவர் கையில் மடித்து வைப்பாள். அந்தப் பட்டையைச் சீவிக் காய வைத்தவன் நான்.

அதைப் பார்த்துப் பார்த்து என் மண்டையில் ஒன்று பதிந்துவிட்டது. ஆங்கிலம் வாயிலிருந்து வெளியே வந்தால் காசு உள்ளே வரும். ஒரு சுற்றுலாக்காரருக்கு நாலு வசனம் சொன்னாலே இவ்வளவு என்றால், ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கச் சொன்னால் எவ்வளவு? ஃபாரூக் நானாவும் அப்படித்தான் நினைத்தார்.

"செல்வம், ஒங்கட மகள் இங்கிலீஷுக்குச் சம்பளம் எடுக்கப் போறா. நாங்க இந்த வயசு வரைக்கும் டிப்ஸ் தானே எடுக்கிறோம்," என்றார், அவள் போகிற செய்தியைச் சொன்னபோது.

தர்ஷினி பள்ளிக்கூடத்தில் உயர்தரம் முடித்து, கண்டியில் ஒரு வருட ஆங்கில டிப்ளோமா செய்து, உக்குவளையில் ஒரு பாலர் பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவளோடு டிப்ளோமா படித்த ஒரு பிள்ளை முதலில் வியட்நாம் போய், பிறகு இவளையும் கூப்பிட்டது. மாலையில் சிறுபிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சென்டர். பட்டம் தேவையில்லை என்று சொன்னார்கள். அந்தச் சொல்லை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

கவிழ்த்து வைத்த போன்

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் பின்னேரம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அவள் வகுப்புக்குள் போகிற நேரம். "அப்பா, எங்க புள்ளைங்கள பாருங்க," என்று போனைத் திருப்பினாள். முப்பது பிள்ளைகள் இருக்கும். எல்லோரும் ஒரே குரலில் எனக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார்கள்.

திருப்பிச் சொல்ல ஒரு சொல்தான். அது எனக்கும் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. மேல் சட்டையில்லாமல் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனைப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். பாய்க்குள்ளிருந்து பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அந்தப் பிள்ளைகளை மட்டுமல்ல, அவளையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கன்னம் ஒட்டியிருந்தது தெரிந்திருக்கும்.

வரக்காப்பொலையில் ஒரு தேநீர்

கட்டுநாயக்காவிலிருந்து வரும் வழியில் வரக்காப்பொலையில் நிறுத்தினோம். தர்ஷினி இடியாப்பம் கேட்டாள். ஒரு தட்டு முடித்து, இன்னொன்று கேட்டாள். பிறகு சம்பலை விரலால் வழித்தாள். புஷ்பம் அக்கா தேநீரைக் குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தர்ஷி, அங்க சோறு கெடைக்காதா?"

"அங்கயும் சோறுதான் அக்கா. நம்மள விட சோறு தின்னுற ஆளுங்க."

"அப்ப ஏன் இப்படி வத்தக்கருவாடு மாதிரி வந்திருக்க?"

தர்ஷினி என்னை ஒருமுறை பார்த்தாள். "நான்தான் கொறைச்சுத் தின்னேன்," என்றாள்.

"ஒனக்கு மேடம் வீடு இல்லல்ல," என்றார் அக்கா.

"அதேதான் அக்கா. ஒங்களுக்கு மேடம் வீட்டுச் சோறு, மேடம் வீட்டுக் கட்டில். சம்பளம் முழுசா ஊருக்கு வந்துச்சு. எனக்கு ரூம் வாடக, கரன்ட், தண்ணி எல்லாம் நான்தான். மூணு மாசத்துக்கு ஒருக்கா விசாவுக்காக பார்டர் தாண்டிப் போய் வரணும், அதுவும் என் காசு. கிளாஸ் நடந்தாத்தான் சம்பளம். அவங்க புது வருஷம் வந்தா கிளாஸ் இல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தாலும் கிளாஸ் இல்ல."

"வெள்ளக்காரங்களுக்கும் அப்படித்தானா?" என்று லெட்சுமி கேட்டாள்.

"அவங்களுக்கு ஒரு வெல, எங்களுக்கு ஒரு வெலம்மா. ஒரே புத்தகம், ஒரே புள்ளைங்க. ஆனா வெளிய மாட்டுற போட்டோவுல அவங்க மூஞ்சிதான்."

"ஒன் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்? எங்க தெருவுக்கே நீதான் வெள்ளக்காரி," என்றார் புஷ்பம் அக்கா. பக்கத்து மேசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அப்படியென்றால் இந்த வேலையில் யாருமே தேறுவதில்லையா? கேட்க வாய் வரவில்லை. அக்காவே கேட்டார்.

"தேறுறாங்க அக்கா. எங்க சென்டர்ல ஒரு பிலிப்பைன்ஸ் டீச்சர் இருந்தாங்க. அவங்களுக்கு டிகிரி இருக்கு, டீச்சிங் சர்டிபிகேட் இருக்கு. ஒரு பெரிய ஸ்கூல்ல எடுத்துட்டாங்க. வீடு, டிக்கெட், லீவுக்கும் சம்பளம். தங்கச்சிய நர்ஸுக்குப் படிக்க வச்சிட்டாங்க. டிகிரி இருந்தா அது ஒரு உத்தியோகம். இல்லாட்டி அது ஒரு கூலி. நல்ல உடுப்புப் போட்ட கூலி."

கூலி என்ற சொல்லை அவள் கோபமாகச் சொல்லவில்லை. தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பெயரோடு இருந்தார். நான் தென்னோலைத் தட்டிக்குப் பின்னால் அந்தப் பெயரோடு இருக்கிறேன். அவளை விமானத்தில் ஏற்றிய அன்று, அந்தச் சொல் கட்டுநாயக்காவோடு நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன்.

மறுபடியும் வேனில் ஏறிக் கண்டிப் பக்கம் போனோம். கயிறு என் காலடியில் கிடந்தது. வளைவுகளில் அது உருண்டு அவள் காலில் முட்டும். அவள் அதைத் தள்ளவில்லை.

கம்பி நீட்டிய தூண்கள்

அவள் அனுப்பிய காசில் வீட்டுக்கு முன்னால் ஒரு பெரிய அறை தொடங்கியிருந்தேன். நாலு தூண், இடுப்பளவு கல் சுவர். தூண்களின் உச்சியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்து கொங்கிரீட் கூரை. ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும். சிலர் நிறுத்தி விசாரிப்பார்கள். நான் "மகள் அனுப்புறா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வேன். குனிந்தது வெட்கத்தில் இல்லை என்று இப்போது தெரிகிறது.

ஒவ்வொரு தூணும் எழும்பியபோது படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "நல்லாருக்கு அப்பா," என்று பதில் வரும். அந்தப் பதிலை அவள் எந்த அறையில் இருந்து, என்ன சாப்பிட்டுவிட்டு எழுதினாள் என்று நான் யோசித்ததில்லை.

அவள் வந்து மூன்றாம் நாள் பின்னேரம் மழை பிடித்தது. கூரையில்லாத அறைக்குள் தண்ணீர் தேங்கியது. நான் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தேன். அவள் குடையோடு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அப்பா, சென்டர்ல இருந்து கேக்குறாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒத்துக்கிறியான்னு. நாளைக்குள்ள சொல்லணும்."

நான் இறைத்துக்கொண்டே இருந்தேன்.

"போனா இந்தக் கூரை முடிஞ்சிரும். ஆனா முடிஞ்சப்பறமும் நான் அதே ஆளுதான். போகாட்டி கண்டியில டிகிரிக்குச் சேரலாம், மூணு வருஷம். சனி ஞாயிறுதான் கிளாஸ். மத்த நாள்ல இங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்து என் செலவப் பாத்துக்குவேன். வீட்டுக்குன்னு குடுக்க ஒண்ணும் மிஞ்சாது. அப்பறம் ஒழுங்கான வேலையா பாத்துப் போவேன்."

குடையில் மழை விழும் சத்தம்.

"இது இப்படியே மூணு வருஷம் நிக்கும். ரோட்டுல போறவங்க பாப்பாங்க. ஒங்களுக்கு வெக்கமா இருக்குமாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, மெய்யை முழுதாகச் சொல்லவும் வரவில்லை.

"இருக்கும்," என்றேன்.

அவள் குடையை மற்றக் கைக்கு மாற்றினாள். அதற்குப் பிறகு ஏதாவது வரும் என்று காத்திருந்திருப்பாள். என் கையில் வாளி மட்டும்தான் ஓடியது. "சரிப்பா," என்று உள்ளே போனாள். அடுப்படியில் லெட்சுமியிடம் சொல்வது கேட்டது. "நான் போறேம்மா. இன்னொரு ரெண்டு வருஷந்தானே."

மிளகு காய வைத்த தறப்பாள்

மறுநாள் காலை வேலைக்குப் போனேன். ஃபாரூக் நானா தட்டியைத் தாண்டிப் பின்பக்கம் வந்தார்.

"என்ன செல்வம், மகள் என்ன கொண்டந்தா?"

"ஒண்ணுமில்ல நானா. பசியோட வந்திருக்கா," என்றேன்.

இப்படிப் பதில் சொல்கிற ஆள் இல்லை நான். அவர் பகிடி செய்ய வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். "வாப்பமார் நாங்க கணக்குப் பார்த்தது பிழை போல," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மிளகு காய வைக்கும் பழைய தறப்பாள் ஒன்று மூலையில் கிடந்தது. நீலம் வெளுத்து, ஒரு ஓரம் கிழிந்தது. முதலாளியிடம் போய் அதைக் கேட்டேன். அங்கே வேலை செய்கிற இத்தனை வருடத்தில் நானாகக் கேட்ட பொருள் அது ஒன்றுதான். அவர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. அரைநாளோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கயிறு கதவுக்குப் பின்னால் இருந்தது. திருப்பிக் கொடுக்கவில்லை. கூடக் கொடுக்க ஒரு சவர்க்காரக் கட்டிகூட வரவில்லையே என்ற கூச்சத்தில் மூன்று நாளாக அதை அங்கேயே ஒளித்து வைத்திருந்தேன்.

ஏணியை வைத்து ஏறினேன். தறப்பாளை விரித்து, தூண்களில் நீட்டிய கம்பிகளில் கயிற்றைச் சுற்றினேன். வீட்டுப் பக்கம் உயர்த்தி, ரோட்டுப் பக்கம் தாழ்த்தி, தண்ணீர் ஓடிவிடும்படி. இரண்டாவது தூணில் கட்டும்போது தர்ஷினி வெளியே வந்தாள். கையில் போன் இருந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"புள்ளைங்க வந்து ஒக்கார எடம் வேணும்ல."

"எந்தப் புள்ளைங்க?"

"நீ சொல்லிக் குடுக்கப் போற புள்ளைங்க."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏணியில் நிற்கும்போது முகத்தைத் திருப்ப முடிவதில்லை.

"வெக்கமா இருக்கும்னுதான் சொன்னேன்," என்றேன். "போன்னு சொல்லலியே."

அவள் போனைப் பார்த்தாள். "நான் இன்னும் அனுப்பல," என்றாள். பிறகு போனைச் சுவரில் வைத்துவிட்டு, கீழே தொங்கிய கயிற்றின் நுனியை எடுத்து மூன்றாவது தூணுக்குக் கொண்டுபோனாள்.

பிள்ளைகளை இப்படி அனுப்ப நினைக்கிறவர்கள் இதைப் படிக்கலாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பிழைக்கக்கூடிய வேலைதான் என்று அவளே சொல்கிறாள், மறுபடியும் போவேன் என்றும் சொல்கிறாள். எதைக் கையில் வைத்துக்கொண்டு போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நான் வேனின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும்போது பஸ் ஒன்று ரோட்டில் வேகம் குறைத்துப் போனது. ஜன்னல்களில் முகங்கள். எனக்குக் காது சுட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் புஷ்பம் அக்கா துணி காய வைத்துக்கொண்டிருந்தார். கயிற்றை அடையாளம் கண்டுகொண்டார்.

"தம்பி, மேட்டு வீட்டுப் பையன் வர்ற கெழம கட்டார்ல இருந்து வர்றானாம். அவங்கம்மா கயிறு கேட்டு வந்தாங்க. எப்ப தருவீங்க?"

பஸ் இன்னும் முழுதாகப் போகவில்லை. எனக்கு வழக்கமாக வருகிற குரலில் சொன்னால் அவருக்குக் கேட்காது. கொஞ்சம் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மூணு வருஷம் ஆகும்க்கா. புள்ள படிக்கப் போறா."

அக்கா தறப்பாளைப் பார்த்தார். கிழிந்த ஓரத்தைப் பார்த்தார். அடுத்த தூணில் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற தர்ஷினியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஈரத் துணியை ஒரு உதறு உதறினார்.

"அப்ப இறுக்கிக் கட்டுங்க தம்பி," என்றார். "காத்து மாசம் வருது."